பாராகிளைடரில் வேகமாக இறங்குவதும் ஸ்டாலிலிருந்து மீள்வதும்: புதியவர்களுக்கு

பாராகிளைடரை அதன் போக்கில் விட்டால் நொடிக்கு 1 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இறங்கும். வெயிலில் சூடான காற்று அதைவிட வேகமாக மேலே எழுவதால்தான் மணிக்கணக்கில் பறக்க முடிகிறது. அதே கணக்கு ஒரு நாள் நமக்கு எதிராகவும் திரும்பும். வளர்ந்துகொண்டிருக்கும் பெரிய மேகத்தின் அடியில் காற்று நொடிக்கு 6 மீட்டர் ஏறினால், நீங்கள் எதுவும் செய்யாமலே நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் மேலே போவீர்கள். நிமிடத்துக்கு 300 மீட்டர்.

2007 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், உலகச் சாம்பியன்ஷிப்புக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஜெர்மன் வீராங்கனை எவா விஸ்னியெர்ஸ்காவை ஓர் இடிமேகம் உள்ளே இழுத்து 9,946 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனது. நினைவிழந்து, உடம்பெல்லாம் பனி உறைந்த நிலையிலும் அவர் உயிரோடு தரையிறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஹெ ஜாங்பின் பிழைக்கவில்லை. இருவருமே நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்கள்.

அடிப்படைப் பயிற்சியை முடித்து, புதியவர்களுக்கு ஏற்ற ஏ அல்லது பி வகை விங்கில் (தலைக்கு மேல் விரியும் துணிச் சிறகில்) தனியாகப் பறக்கத் தொடங்கியிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எந்த உத்தி என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று தெரிந்துகொண்டு பயிற்சியாளரிடம் போனால் அவர் சொல்வது சட்டென்று பிடிபடும். பயிற்சியாளர் இல்லாமல் செய்து பார்க்கக் கூடியவை இதில் மிகக் குறைவு. அவை எவை என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

உத்திக்கு முன்னால் இடம்

வேகமாக இறங்க முதல் வழி, காற்று மேலே ஏறாத இடத்துக்குப் பறந்து போவது. எந்தக் கையசைவும் இதற்கு ஈடாகாது.

இமாசலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்கையே எடுத்துக்கொள்வோம். கிளம்புமிடமான பில்லிங் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்குமிடம் அதற்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் கீழே, பீர் கிராமத்தை ஒட்டி. பின்னால் தௌலாதார் மலைத்தொடர். மதியத்துக்கு மேல் மேகங்கள் திரள்வது பெரும்பாலும் மலை முகட்டின் மேல்தான். ஆகவே அங்கே மேகம் கறுக்கிறது என்றால் மலைக்கு முதுகைக் காட்டி, வெயில் அடிக்கும் சமவெளிப் பக்கம் நேராகப் பறப்பதுதான் முதல் வேலை. பறந்துகொண்டே ஸ்பீட் பாரை (காலால் மிதித்து வேகத்தைக் கூட்டும் கம்பியை) மிதிக்கலாம். காற்று சீராக இருந்தால் அதுவே இறங்கும் வேகத்தைக் கூட்டும், ஆபத்திலிருந்து தூரமும் கொடுக்கும்.

எப்போது கிளம்புவது? மேகத்தின் உயரம் அதன் அகலத்தைத் தாண்டும்போது. தனித்தனியாக இருந்த மேகங்கள் ஒன்றோடொன்று சேரும்போது. அடிப்பாகம் கறுக்கும்போது. எல்லாவற்றையும்விட, தெர்மலை (மேலெழும் சூடான காற்றை) தேடிச் சுற்றத் தேவையே இல்லாமல், போகும் திசையெல்லாம் மென்மையாக ஏற்றம் கிடைக்கும்போது. அந்த மென்மையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 'இன்றைக்கு என்ன அருமையான காற்று' என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் வேரியோவையும் (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) மேகத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். மேகத்தின் அடிப்பகுதிக்கு இன்னும் சில நூறு மீட்டர் கீழே இருக்கும்போதே விலகிவிடுங்கள்.

பிக் இயர்ஸ்

விங்கின் இரண்டு ஓரங்களையும் உள்ளே மடக்கி, காற்றில் வேலை செய்யும் பரப்பைக் குறைப்பது. புதியவர்கள் முதலில் கற்க வேண்டிய உத்தி இது. நல்ல உயரத்தில், அமைதியான காற்றில், பயிற்சியாளர் ஒருமுறை காட்டிக்கொடுத்த பிறகு நீங்களே பழகிக்கொள்ளலாம். நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் இறக்கம் கிடைக்கும். ஸ்பீட் பாரும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

1. கிளம்புவதற்கு முன்பே ஸ்பீட் பார் கால் எட்டும்படி இருக்கிறதா என்று பாருங்கள். வானத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.
2. பிரேக்குகளை (விங்கின் பின்விளிம்பை இழுக்கும் கைப்பிடிகளை) கையிலிருந்து விடாதீர்கள். கையைச் சுற்றி லைனை முறுக்கியிருந்தால் அதை மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.
3. இரு பக்கமும் ஏ லைன்களில் (விங்கின் முன்வரிசைக் கயிறுகளில்) கடைசி ஓரத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்து பிடியுங்கள். பெரும்பாலான விங்குகளில் அதற்கென்றே தனி ரைசர் (லைன்களை ஹார்னஸோடு இணைக்கும் பட்டை) இருக்கும். பக்கத்து லைனையும் சேர்த்து இழுத்தால் விங்கின் முன்பக்கம் முழுவதும் மடங்கிவிடும்.
4. கீழே இழுத்து ஓரங்கள் மடங்கியதும் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஓரங்கள் படபடத்தால் இன்னும் கொஞ்சம் இழுங்கள்.
5. இப்போது ஸ்பீட் பாரை மெதுவாகப் பாதிவரை மிதியுங்கள்.
6. திரும்புவதற்கு உடம்பை ஹார்னஸில் (உட்காரும் இருக்கையில்) சாய்த்தால் போதும்.

ஐந்தாவது படி வெறும் வேகத்துக்காக மட்டுமல்ல. ஓரங்கள் மடங்கியதும் விங்குக்கு இழுவை கூடுகிறது, எதிர்க்காற்றை அது சந்திக்கும் கோணமும் கூடுகிறது. அந்தக் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஸ்டால், அதாவது விங்கின் மேல் ஓடும் காற்று பிய்ந்து அது பறப்பதை நிறுத்திவிடும். ஸ்பீட் பார் கோணத்தைத் திரும்பக் குறைக்கிறது. ஆனால் வரிசையை மாற்றாதீர்கள்: ஸ்பீட் பாரை மிதித்த நிலையில் காதுகளை, அதாவது விங்கின் ஓரங்களை, மடக்கப் போனால் முன்பக்கம் சட்டென்று மடங்கும் வாய்ப்பு அதிகம். எப்போதும் காதுகள் முதலில், பார் பிறகு.

திறக்கும்போது எதை முதலில் விடுவது என்பதில் தயாரிப்பாளர்களே வேறுபடுகிறார்கள். உங்கள் விங்கின் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். காதுகள் தாமாகத் திறக்காவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு பக்கமாகப் பிரேக்கை மெதுவாக இழுத்து விடுங்கள். இரண்டு பிரேக்கையும் ஒரே நேரத்தில் ஆழமாக இழுப்பது ஸ்டாலை வரவழைக்கும்.

இதன் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். நொடிக்கு 6 மீட்டர் ஏறும் காற்றில் 3 மீட்டர் இறங்கும் பிக் இயர்ஸ் உங்களைக் கீழே கொண்டுவராது, மேலே போகும் வேகத்தைத்தான் குறைக்கும். சீக்கிரம் விலகியவருக்கே அது உதவும். அப்புறம், காதுகள் மடங்கிய நிலையில் ஸ்பைரல் (மூக்கைக் கீழே சாய்த்துச் சுருளாகச் சுற்றி இறங்குவது) சுற்றாதீர்கள். பல லைன்கள் தாங்க வேண்டிய சுமை சில லைன்களின் மேல் விழும்.

ஸ்பைரல்

இங்கே இறக்கம் நொடிக்கு 10 மீட்டரைச் சுலபமாகத் தாண்டும், 15, 20 வரைக்கும் போகும். விலையும் அதற்கேற்ப அதிகம். 3 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்கு) 80 கிலோ மனிதர் 240 கிலோ கனப்பார். ரத்தம் கால்களுக்கு இறங்கி, கண் முதலில் மங்கும், பிறகு இருளும், பிறகு நினைவு போகும். விங் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் முதல் ஸ்பைரல் பயிற்சியாளரின் ரேடியோ காதில் ஒலிக்கும்போதுதான்.

தொடக்கத்தில் நொடிக்கு 6 அல்லது 7 மீட்டர் இறக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சுற்றிலும் கீழேயும் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, திரும்ப வேண்டிய பக்கம் உடம்பைச் சாயுங்கள், அந்தப் பக்கப் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். ஒன்று, ஒன்றரைச் சுற்றில் விங் மூக்கைக் கீழே சாய்த்து வேகமெடுக்கும். அந்த நொடியிலிருந்து உள்பக்கப் பிரேக்கை மேலும் இழுக்காமல், வெளிப்பக்கப் பிரேக்கைக் கொஞ்சம் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். வயிற்றையும் தொடைகளையும் இறுக்கிக்கொண்டு மூச்சு விடுங்கள். ஆரம்பத்தில் உள்பக்கப் பிரேக்கைச் சடாரென்று இழுத்தால் ஸ்பைரலுக்குப் பதில் அந்தப் பக்கம் ஸ்டால் ஆகி விங் தட்டையாகச் சுழலும். அது வேறு கதை, கீழே வருகிறது.

வெளியே வருவதுதான் உண்மையான பாடம். உள்ளே போக எல்லோராலும் முடியும். உடம்பை நடுவுக்குக் கொண்டுவந்து, உள்பக்கப் பிரேக்கை ஒரு முழுச் சுற்றாவது எடுத்துக்கொண்டு மெல்ல விடுங்கள். சட்டென்று விட்டால் சேர்ந்த வேகமெல்லாம் விங்கை மேலே தூக்கி, உங்களை ஊசலாக வீசி, பிறகு முன்னால் பாயவைக்கும். அப்படித் தூக்கப் பார்த்தால் உள்பக்கப் பிரேக்கை மறுபடி கொஞ்சம் இழுத்துச் சுற்றிலேயே வைத்திருந்து வேகத்தைக் கரையுங்கள்.

சில விங்குகள் ஆழமான ஸ்பைரலில் பிரேக்கை விட்ட பிறகும் தாமாக வெளியே வராது. உடம்பை வெளிப்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கப் பிரேக்கை உறுதியாக இழுக்க வேண்டும். அப்போது கையில் தெரியும் எடை சாதாரணப் பறத்தலைவிடப் பல மடங்கு. அதற்கும் மசியாவிட்டால், கண் மங்கும் முன்பே ரிசர்வ் (அவசரத்துக்கான பாராசூட்). உயரக் கணக்கும் முக்கியம்: நொடிக்கு 10 மீட்டர் என்றால் 300 மீட்டர் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். தரைக்கு 300 மீட்டர் இருக்கும்போதே வெளியே வந்திருங்கள் என்பது என் கருத்து. பழக்கமில்லாதவர் அதற்கும் மேலேயே நிறுத்த வேண்டும்.

பி-ஸ்டால் பற்றிச் சுருக்கமாக

இரண்டு பி ரைசர்களையும் (இரண்டாம் வரிசை லைன்களின் பட்டைகளை) சமமாகக் கீழே இழுத்தால் விங்கின் மேல் ஓடும் காற்று பிய்ந்துபோய், முன்னோக்கிய வேகம் ஏறக்குறைய நின்று, நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் நேராக இறங்கும். விடும்போது இரண்டையும் ஒரே நேரத்தில், தயங்காமல் விட வேண்டும். மெதுவாக விட்டால் விங் டீப் ஸ்டாலில் (கீழே விளக்குகிறேன்) உட்கார்ந்துவிடலாம். லைன்கள் குறைவாக உள்ள இன்றைய விங்குகள் பலவற்றில் இதைச் செய்யவே கூடாது என்று கையேடு சொல்கிறது. புதியவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, ஸ்டால் என்றால் என்ன நடக்கிறது

சாதாரண விங் பிரேக் இல்லாமல் மணிக்கு 36 முதல் 39 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். பிரேக்கை இழுக்க இழுக்க வேகம் குறையும். இருபது சொச்சம் கிலோமீட்டருக்கு வரும்போது காற்று மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு ஓட முடியாமல் பிய்கிறது. ஏ வகை விங்கில் அந்த எல்லை வரைக்கும் பிரேக்குக்கு நீண்ட தூரம் உண்டு. ஐரோப்பியத் தரச் சோதனையில் 80 முதல் 100 கிலோ எடைக்கு 60 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் அது அமைதியான காற்றில் அளந்தது. கலங்கிய காற்றில் கீழிருந்து ஒரு தெர்மல் முட்டினாலே கோணம் கூடிவிடும், மீதமிருக்கும் தூரம் பாதியாகிவிடும்.

ஸ்டால் வருவதைக் காதும் கையும் முன்கூட்டியே சொல்லும். முகத்தில் அடிக்கும் காற்றின் ஓசை அடங்கும். பிரேக் முதலில் கனத்து, பிறகு திடீரென்று தளரும். ஓசை அடங்கும்போது கைகளைத் தூக்கிவிட்டால் இனி எழுதப்போகும் எதுவும் தேவைப்படாது. தரையிறங்கும் நேரத்திலும் இது பொருந்தும். 10 மீட்டர் உயரத்தில் பயந்து பிரேக்கை இடுப்புக்குக் கீழே இழுப்பவர்கள் முதுகெலும்பை உடைத்துக்கொள்கிறார்கள்.

டீப் ஸ்டாலில் விங் தலைக்கு மேல் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முன்னே போகாது, நேராக இறங்கும். காற்றோசை இருக்காது, பிரேக் துவண்டிருக்கும். செய்ய வேண்டியது: இரண்டு கைகளையும் முழுவதும் மேலே தூக்குங்கள். ஓரிரு நொடியில் பறக்கத் தொடங்காவிட்டால் ஸ்பீட் பாரை மிதியுங்கள். அல்லது ஏ ரைசர்களை முன்னோக்கித் தள்ளுங்கள். அந்த நிலையில் பிரேக்கைத் தொடாதீர்கள், திருப்பப் பார்க்காதீர்கள். மழையில் நனைந்த விங், கிழடு தட்டிய துணி, சுருங்கிப்போன பின்வரிசை லைன்கள் ஆகியவை இதற்கு வழிவகுக்கும். மழை பிடித்தால் பிக் இயர்ஸும் வேண்டாம், பி-ஸ்டாலும் வேண்டாம். கைகளை உயர வைத்து, பாரைக் கொஞ்சம் மிதித்தபடி இறங்குமிடத்துக்குப் போங்கள். லைன் நீளத்தைக் கையேடு சொல்லும் இடைவெளியில் அளக்கக் கொடுங்கள்.

ஸ்பின் என்பது ஒரு பக்கம் மட்டும் ஸ்டால் ஆவது. மெதுவாகப் பறக்கும்போது ஒரு பக்கப் பிரேக்கை வேகமாக இழுத்தால் வரும், குறிப்பாக நெருக்கமான தெர்மலுக்குள் இறுக்கமாகத் திரும்ப முயலும்போது. இழுத்த பக்கம் பின்னால் போகத் தொடங்கிய அதே நொடியில் அந்தக் கையை மேலே விடுங்கள். விங் கொஞ்சம் முன்னால் பாயும். பாயும்போது பிரேக்கால் பிடித்து, தலைக்கு மேல் வந்ததும் விடுங்கள்.

ஃபுல் ஸ்டாலில் இரண்டு பக்கமும் ஒன்றாக விழும். விங் பின்னால் சாயும், நீங்கள் மல்லாந்து விழுவதுபோல் இருக்கும். உடம்பின் இயல்பு அந்த நொடியில் கைகளைத் தூக்கச் சொல்லும். அதுதான் இங்கே ஆபத்து. விங் பின்னால் இருக்கும்போது விட்டால் அது உங்கள் தலையைத் தாண்டி முன்னால் வெகுதூரம் பாயும், நீங்கள் அதற்குள்ளேயே விழவும் கூடும். எனவே இரண்டே வழிகள். விங் இன்னும் தலைக்கு மேல் இருக்கும் முதல் நொடியிலேயே உணர்ந்தால் உடனே கைகளை விடலாம். அது தாண்டிவிட்டால் பிரேக்கைக் கீழேயே இறுக்கிப் பிடித்திருந்து, விங் தலைக்கு மேல் திரும்பி வரும்வரை காத்திருந்து, பிறகு இரண்டு கைகளையும் சமமாக மெல்ல உயர்த்தி நடுப்பகுதியில் காற்று நிரம்ப விட்டு, அதன் பின் முழுவதும் விட்டு, முன்பாய்ச்சலைப் பிரேக்கால் பிடிக்க வேண்டும். படிக்கச் சுலபம். தண்ணீருக்கு மேல் பலமுறை பயிற்சியாளரோடு செய்யாமல் யாருக்கும் இது கைவராது. பயிற்சி இல்லாதவர் ஃபுல் ஸ்டாலில் விழுந்து, உயரமும் குறைவாக இருந்தால், சரியான பதில் ரிசர்வ்தான்.

ஸ்டால் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது

விங்கின் ஒரு பக்கம் மடங்குவது கலங்கிய காற்றில் சாதாரணம். பல விபத்துகளில் அந்த மடிப்பைவிட அதற்குப் பதிலாகப் பறப்பவர் செய்ததே பெரிய கேடாகிறது. பாதி விங் மடங்கிக் கிடக்கும்போது மீதிப் பாதி உங்கள் எடை முழுவதையும் தாங்குகிறது. பதற்றத்தில் அந்தப் பக்கப் பிரேக்கை ஆழமாக இழுத்தால் அதுவும் ஸ்டால் ஆகும். அதனால் வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்:

- முதலில் திறந்திருக்கும் பக்கம் உடம்பைச் சாயுங்கள்.
- திசை திரும்புவதைத் தடுக்க மட்டும் அந்தப் பக்கப் பிரேக்கை அளவாகப் பிடியுங்கள். கொஞ்சம் திரும்பினால் திரும்பட்டும்.
- நேராகப் பறக்கத் தொடங்கிய பிறகு, மடங்கிய பக்கப் பிரேக்கை ஒருமுறை நீளமாக இழுத்து விடுங்கள். தேவைப்பட்டால் மறுபடியும்.

மலைச்சரிவு பக்கத்தில் இருந்தால் முதலில் மலையை விட்டு விலகுங்கள். மடிப்பைத் திறப்பது அப்புறம்.

ரிசர்வ்

தரைக்கு 100 மீட்டருக்குள் விங் கட்டுப்பாட்டை இழந்தால் சரிசெய்யப் பார்க்காமல் வீசுங்கள். உயரத்தில் இருந்தாலும், லைன்கள் முறுக்கிச் சுழற்சி வேகமெடுத்தால், அல்லது இரண்டு முயற்சியில் சரியாகாவிட்டால் வீசுங்கள். கைப்பிடியைப் பார்த்து, பிடித்து, உருவி, வெற்றுவெளி இருக்கும் பக்கம் பலமாக எறிய வேண்டும். விரிந்ததும் பிரேக் லைன்களையோ பின் ரைசர்களையோ இழுத்து விங்கைச் சுருட்டுங்கள். இல்லையென்றால் இரண்டும் எதிரெதிராக இழுக்கும். ஐரோப்பியத் தரத்தின்படி ரிசர்வ் நொடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. அதுவும் சும்மா இல்லை. கால்களைச் சேர்த்து, முழங்காலை இலேசாக மடக்கி, தரை தொட்டதும் பக்கவாட்டில் உருளத் தயாராக இருங்கள்.

ஒவ்வொரு முறை பறக்கும்போதும் ஒருதடவையாவது கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கண் தேடாமலே கை அங்கே போக வேண்டும்.

எங்கே பழகுவது

இதற்கென்றே நடக்கும் பயிற்சிக்கு எஸ்ஐவி என்று பெயர். ஏரி அல்லது கடலுக்கு மேலே, லைஃப் ஜாக்கெட் போட்டு, கீழே மீட்புப் படகு காத்திருக்க, ரேடியோவில் பயிற்சியாளர் ஒவ்வொரு அசைவையும் சொல்லச் சொல்லச் செய்வது. துருக்கியின் ஒலுடெனிஸ் இதற்குப் பெயர்பெற்ற இடம். பாபாதாக் மலையிலிருந்து கிளம்பிக் கடலுக்கு மேல் வரும்போது கையில் தாராளமாக உயரம் இருக்கும். நமக்குப் பக்கத்தில் நேபாளத்தின் போக்ராவில் பேவா ஏரியும், இமாசலத்தின் பிலாஸ்பூரில் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கமும் இருக்கின்றன. இமாசலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை உண்டு, அதைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

போவதற்கு முன் ரிசர்வை மறுபடி மடித்து வைக்கக் கொடுங்கள். முதல் நாளிலேயே ஃபுல் ஸ்டால் கேட்காதீர்கள். மடிப்புகள், பிக் இயர்ஸ், மிதமான ஸ்பைரல் என்று போய், முன்பாய்ச்சலைப் பிரேக்கால் பிடிப்பது கைக்குப் படிந்த பிறகு பயிற்சியாளரே அடுத்ததைச் சொல்வார். தண்ணீரில் விழுந்தால் விங்கை ஒரு முனையில் பிடித்துத் தூக்காதீர்கள், உள்ளே தேங்கிய தண்ணீரின் கனத்தில் தையல் கிழியும். பின்விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்கித் தண்ணீர் வடிய விடுங்கள். கடல் நீர் என்றால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். ரிசர்வையும் பிரித்து அலசி உலர்த்திவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்கக் கொடுங்கள்.